தரிப்பும் ஆற்றாமையும்: ‘பொறுமை’ என்னும் ஒரு சொல்லில் மறையும் பொருள்கள்

திருவாய்மொழிக்கும் ரஹஸ்ய க்ரந்தங்களுக்கும் பூர்வாசார்யர்கள் அருளிய வ்யாக்யானங்களை இக்கால உரைநடையில் எளிமைப்படுத்தித் தரும் நூல்கள் பல வெளிவருகின்றன. மணிப்ரவாளத்தில் பழக்கமில்லாதவரும் அர்த்தத்தை அறிய வேண்டும் என்ற அவற்றின் நோக்கம் உகக்கத் தக்கதே. ஆயினும் அவற்றை வாசிக்குங்கால் ஒரு குறை தொடர்ந்து கண்ணிற் படுகிறது. மூலத்தில் ‘தரித்திருந்தாள்’ என்றிருக்கும். எளிமையுரையில் ‘பொறுமையோடு இருந்தாள்’ என்றாகிறது. மூலத்தில் ‘ஆறியிருக்கை’, அங்கும் ‘பொறுமை’. ஸஹித்தல், க்ஷமை, திதிக்ஷை, நோன்றல் யாவும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றிற்கு எதிர்நிலையில் வரும் ‘ஆற்றாமை’ ‘பொறுமையின்மை’ என்று பெயர்க்கப்படுகிறது.

இதன் பலன் யாது? நம்மாழ்வார் பொறுமை குன்றியவர் என்றும், அசோகவனத்துப் பிராட்டி பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்றும் வாசகர் கொள்ளும்படியாகிறது. முன்னது வ்யாக்யாதாக்களின் கருத்துக்கு நேர் விரோதம். பின்னது பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் ஸாரம் கிடக்கிறது. சொற்களைப் பிரித்துப் பார்த்தாலன்றி இது விளங்காது.

‘பொறு’ என்னும் வினையின் அடிப்பொருள் பாரத்தை ஏற்றல். ‘பொறை’ என்பது சுமைக்கும் பெயர். ஒருவர் செய்த மிகையைப் பொறுத்தருளும் குணத்துக்கும் பெயர். வடமொழியில் ‘க்ஷமா’ என்பது பூமிக்கும் அக்குணத்துக்கும் ஒருசேரப் பெயராயிருப்பதோடு இதனை ஒப்பிட்டுக் கொள்ளலாம். திருக்குறளின் 16-ஆம் அதிகாரமான பொறையுடைமைக்குப் பரிமேலழகர் இலக்கணம் கூறுகையில், பிறனொருவன் தனக்கு மிகை செய்தவிடத்துத் தானும் அவனுக்கு அதனைச் செய்யாதிருத்தலையே கருதுகிறார். ஆகவே பொறைக்கு எதிரே ஒரு செய்தவன் வேண்டும். அவன் செய்த குற்றமும் வேண்டும். விதிவசத்தால் வரும் துன்பத்துக்குக் கலங்காமையை வள்ளுவர் இங்கே சேர்க்கவில்லை. அதற்கு இடுக்கணழியாமை என்று 63-ஆம் அதிகாரத்தை வேறாக வகுத்தார். தனக்கு உற்ற நோயைத் தானே ஏற்று நிற்றலைத் தவத்தின் வடிவாகச் சொல்லுமிடத்தில் ‘நோன்றல்’ என்று மூன்றாவதொரு சொல்லை ஆண்டார். நாம் அனுஷ்டிக்கும் நோன்பும் இவ்வடியிற் பிறந்ததே. மூன்றையும் ‘பொறுமை’ என்று எழுதிவிட்டால் மூன்று அதிகாரங்கள் எதற்கு என்ற கேள்வி எழும்.

இடையே ஒன்று. ‘பொறாமை’ என்னும் சொல்லை இன்று கேட்பவர் அஸூயை என்றே கொள்வர். வ்யாக்யானங்களில் பல இடங்களில் அது பிரிவையோ விளம்பத்தையோ பொறுக்கமாட்டாமை. பரிமேலழகரும் அழுக்காற்றை விளக்குகையில் வெறுமே பொறாமை என்னாது, பிறர் ஆக்கத்தைப் பொறாமை என்று செயப்படுபொருளைக் கூட்டியே சொல்கிறார். எதனைப் பொறாமை என்பது அக்காலத்தில் கேட்கப்பட்டது. இன்று அக்கேள்வி மறைந்து, சொல் ஒரு தோஷத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது.

தாங்குதலும் சுமத்தலும் அப்படியே. ஒரே தண்டு, ஒரே தோள், தோளில் ஒரே காய்ப்பு. ஆயினும் பெருமாளை எழுந்தருளப்பண்ணும் கைங்கர்யபரர் ஸ்ரீபாதந்தாங்கிகள் எனப்படுவர். ஸ்ரீபாதம் சுமப்பவர் என்று யாரும் சொல்வதில்லை. சுமப்பவனுக்குப் பாரம் எப்போது இறங்கும் என்பதிலே கண். தாங்குபவனுக்குத் தாங்கப்படும் பொருளிலே கண். கோயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விளக்க வேண்டாத செய்தி. அச்சில் வரும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

வடசொற்களுக்கு வருவோம். ஸஹித்தலும் க்ஷமித்தலும் நம் ஸம்ப்ரதாயத்தில் முதன்மையாக எம்பெருமானுடைய குணங்கள். ஸஹஸ்ரநாமத்தில் ‘ஸஹிஷ்ணு’ என்னும் திருநாமம் இருமுறை வருகிறது. கீதையின் பதினோராம் அத்யாயத்தில் விச்வரூபத்தைக் கண்டு நடுங்கிய அர்ஜுனன், தோழன் என்று எண்ணித் தான் முன்பு செய்த அபசாரங்களுக்காக க்ஷமையை வேண்டுகிறான்; உடனே, மகனைத் தந்தை போலவும் தோழனைத் தோழன் போலவும் என்னை ஸஹிக்க வேண்டும் என்றும் விண்ணப்பிக்கிறான். இரண்டு தாதுக்களும் அடுத்தடுத்து வந்து, இரண்டும் அவன்பாலே கேட்கப்படுகின்றன. அங்கே பொறுக்க வேண்டியவன் பகவான். பொறுக்கப்பட வேண்டியவன் சேதநன்.

சேதநனுக்கு விதிக்கப்பட்டது திதிக்ஷை. கூர்மையாக்குதல் என்னும் பொருளுடைய ‘திஜ்’ தாதுவின்மேல் ‘ஸந்’ ப்ரத்யயம் வந்து, க்ஷமை என்ற பொருளில் அச்சொல் அமைகிறது என்று வையாகரணர் கூறுவர். கூர்மைக்கும் பொறுத்தலுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் விரிக்கவில்லை. சாணையில் தேய்வதால்தான் கத்தி கூராகிறது என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். அது ரஸத்துக்கே அன்றி ப்ரமாணம் ஆகாது. இரண்டாம் அத்யாயத்தில் சீதோஷ்ணங்களைப் பற்றி இச்சொல் வருமிடத்தில் எம்பெருமானார் அருளிய பாஷ்யம் கருத்தூன்றிப் படிக்கத் தக்கது. தைர்யத்தோடு பொறு என்றதோடு நில்லாமல், யுத்தம் முதலான கர்மங்கள் முடியுமளவும் என்று ஓர் எல்லையையும் அவர் இடுகிறார். அவை வந்துபோகும் இயல்புடையவை ஆகையால் தைர்யமுடையார்க்குப் பொறுக்கத் தக்கவை என்று காரணமும் காட்டுகிறார். எல்லையில்லாத துன்பத்தை எல்லையின்றிப் பொறு என்று அங்கே சொல்லப்படவில்லை. இந்த ‘அளவும்’ என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஸ்ரீராமாயணத்துக்குள் செல்ல வேண்டும்.

‘தரித்தல்’ என்பது ‘த்ருஞ்’ தாதுவிலிருந்து வந்தது. வ்யாக்யானங்களில் இதன் பொருள் உயிர் நிற்கை. என் தகப்பனார் பாடம் சொல்லுகையில் இச்சொல் வந்தால் மேலே போகமாட்டார், “எத்தைக் கொண்டு?” என்று கேட்டு, விடை வந்த பிறகே அடுத்த வரிக்குச் செல்வார். தரிப்புக்கு ஒரு தாரகம் வேண்டும் என்பது அக்கேள்வியின் கருத்து. தாரக, போஷக, போக்யங்கள் மூன்றும் கண்ணனே என்று திருக்கோளூர்ப் பதிகத்தின் தொடக்கத்தில் வ்யாக்யாதாக்கள் விரிப்பது யாவரும் அறிந்தது. சோறு உடலுக்குத் தாரகமாயிருப்பதுபோல, அவன் ஆத்மாவுக்குத் தாரகம். பொறுமை என்பது ஒருவருடைய ஸாமர்த்யத்தைச் சொல்லும் சொல். தரிப்பு அப்படியன்று, தரிப்பவரைத் தரிக்கச் செய்யும் மற்றொன்றைச் சுட்டுவது.

பெருமாள் வனத்துக்கு எழுந்தருளியபோது இளையபெருமாள் விண்ணப்பம் செய்ததை நினைக்க வேண்டும். உம்மைப் பிரிந்தால் பிராட்டியும் அடியேனும் நீரிலிருந்து எடுத்த மீன்கள் போல ஒரு முஹூர்த்தமும் பிழையோம் என்றார் அவர். அப்படியாயின் பிராட்டி இலங்கையில் பத்து மாதம் பிழைத்திருந்தது எங்ஙனே? இளையபெருமாள் வார்த்தை பழுதாயிற்றோ? ‘பொறுமையால் பிழைத்திருந்தாள்’ என்று விடை சொன்னால், மீன் தண்ணீரின்றிப் பொறுமையால் பிழைத்தது என்று சொன்னதாகும்.

அங்கே அவள் பொறுமை ஒன்றினாலே இருந்தாளும் அல்லள். ஸுந்தரகாண்டத்தில், தன் கூந்தற் பின்னலாலேயே உயிரை மாய்த்துக்கொள்ள அவள் நினைத்த ஸர்க்கம் ஒன்று உண்டு. எளிமையுரைகள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன. பொறுமைக்கு உருவகமாக அவளை நிறுத்தியவர்களுக்கு அந்த ஸர்க்கம் இடையூறு. தரிப்பு என்று கொண்டவர்க்கு இடையூறேதும் இல்லை. தாரகம் விலகினால் தரிப்பு குலையும். நல்ல நிமித்தங்கள் தோன்றின, மரத்தின் மேலிருந்து ராமகதை செவிப்பட்டது, கணையாழி கைக்கு வந்தது, தரிப்பு மீண்டது. திருவடி கொண்டுவந்தது ஆறுதல் வார்த்தை மாத்திரமன்று, தாரகம்.

சக்தியில்லாமையால் பொறுத்திருந்தாள் என்பதும் பொருந்தாது. 22-ஆம் ஸர்க்கத்தில் ராவணனிடம் அவளே சொல்கிறாள்: உன்னைச் சாம்பலாக்கும் தேஜஸ் என்னிடம் உண்டு, ராமனுடைய நியமனம் இல்லாமையாலும் தபஸ்ஸைக் காக்க வேண்டுகையாலும் செய்யாதொழிகிறேன் என்று. திருவடி தன் முதுகில் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு போவதாக விண்ணப்பித்தபோதும் அவள் இசையவில்லை. இலங்கையை அழித்துத் தன்னை மீட்டுக்கொண்டு போவதே அவனுக்குத் தகும் என்றாள். ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர், பிராட்டி தன் சக்தியை விட்டதையும் த்ரௌபதி லஜ்ஜையை விட்டதையும் திருக்கண்ணமங்கையாண்டான் தன் வ்யாபாரத்தை விட்டதையும் ஒரே தொடரில் வைத்தது இதனை உட்கொண்டே. பொறுமையைப் புகழ்வது அங்கே நோக்கமன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடமே விட்டிருந்தாள் என்பதே நோக்கம். அந்நூலே அவளுடைய முதற்பிரிவு க்ருபையை வெளியிடுகைக்காக என்றும் கூறுகிறது. சிறையிருந்தவள் ஏற்றம் என்று ஸ்ரீராமாயணத்தைப் பற்றி நாம் சொல்லும்போது ‘ஏற்றம்’ எதில் என்பதை மறக்கலாகாது.

இனி அவளே சொன்ன சொல்லைப் பார்ப்போம். ராவணன் இட்ட தவணையில் அப்போது இன்னும் இரண்டு மாதம் எஞ்சியிருந்தது. அவளோ திருவடியிடம், ஒரு மாதமே உயிரைத் ‘தாரயிஷ்யாமி’, அதற்குமேல் ஜீவியேன் என்று சொல்லியனுப்புகிறாள். சத்ரு கொடுத்த அவகாசத்தை அவள் தன் எல்லையாகக் கொள்ளவில்லை. தரிப்புக்கும் ஓர் ‘அளவும்’ உண்டு என்று தானே வரையறுக்கிறாள். அவள் எடுத்த தாதுவும் நம் தரித்தலின் தாதுவே. க்ஷமையும் அன்று, ஸஹநமும் அன்று.

66-ஆம் ஸர்க்கத்தில் பெருமாள் இதனைக் கேட்டருளிய ப்ரகாரம் நம் வ்யாக்யாதாக்கள் மிக விரும்பி எடுத்தாளும் இடம். ஒரு மாதம் தரிப்பாளாகில் வைதேஹி நெடுங்காலம் ஜீவிக்கிறாள். நான் ஒரு க்ஷணமும் ஜீவியேன் என்கிறார் அவர். அதே தாதுவை அவர் திருவாக்கும் எடுக்கிறது. அவள் சொல்லியனுப்பிய வார்த்தைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நோயாளிக்கு மருந்துபோல அவற்றாலேயே பிழைப்பேன் என்கிறார். எளிமையுரைகளின் கணக்குப்படி இங்கே பொறுமை குன்றியவர் யார்? ஆற்றாமை சேதநனுக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும், அது குறையாயின் அக்குறை முதலில் ஸர்வேச்வரனைச் சேரும் என்பதையும் இந்த ச்லோகம் காட்டுகிறது.

ஆற்றாமைக்கு வருவோம். இச்சொல்லை ஆசார்யர்கள் புதிதாகப் படைக்கவில்லை. அகத்துறைகளில் பருவம் கண்டு ஆற்றாளாகிய தலைமகளையும், அவளை ஆற்றுவிக்கும் தோழியையும் பயிலக் காண்கிறோம். குறளின் 116-ஆம் அதிகாரத்தின் பெயரே பிரிவாற்றாமை. ‘ஆறு’ என்பது தன்வினை: சூடு தணிதல், புண் மாறுதல். ‘ஆற்று’ அதன் பிறவினை; வல்லனாதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆகவே ஆற்றியிருப்பவள் தன் வெம்மையைத் தானே தணித்துக்கொள்ள வல்லவள். ஆறியிருப்பவருக்கோ வெம்மை தானே தணிந்திருக்கும். பரம் தம்மதன்று என்ற தெளிவு அதற்குக் காரணம். ஓர் எழுத்து மாத்திரையில் கிடக்கும் இவ்வேறுபாட்டைப் பதிப்பாளர்கள் திருத்திச் சமன் செய்துவிடாதிருக்க வேண்டும்.

ஆழ்வாருக்கு இவ்விரண்டும் இல்லை என்பதே ஆற்றாமை. திருவாய்மொழியில் 27 பதிகங்கள் தாயாகவும் தோழியாகவும் மகளாகவும் பேசுபவை. அவற்றுள் முதலாவதான முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழி, பறவைகளைத் தூது விடுவது. அத்தூதுக்கு விஷயமான குணம் அபராதஸஹத்வம் என்று நிர்வஹிப்பர். நம் குற்றங்களைப் பார்த்து அவன் வாராதிருக்கிறான் போலும். அவற்றைப் பொறுத்தருளும் குணம் அவனுக்கு உண்டென்பதை அவனுக்கு நினைப்பூட்டுங்கோள் என்பது தூதின் கருத்து. இதன் அமைப்பை உற்று நோக்க வேண்டும். ஸஹிப்பது அவனிடம், ஆற்றாமை இவளிடம். இவள் ஆற்றமாட்டாமையாலேதான் அவனுடைய ஸஹத்வம் பேசப்படுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து, ஒருவருக்குப் பொறுமை உண்டு, மற்றவருக்கு இல்லை என்றால் பதிகமே கவிழ்ந்துபோம்.

‘விச்வாஸம் முழுமையாயிருந்தால் பதறுவானேன்? பதறினால் விச்வாஸம் குறைவன்றோ?’ என்று கேட்பார் உண்டு. உபந்யாஸ மேடைகளில் இது அடிக்கடி கேட்கும் வார்த்தை. இதற்கு விடை முமுக்ஷுப்படியிலேயே இருக்கிறது. த்வயப்ரகரணத்தின் தொடக்கத்தில் ப்ரபந்நனுக்கு வேண்டும் இயல்புகளைத் தொகுக்குமிடத்தில், பேறு தப்பாது என்ற துணிவும் பேற்றுக்கு விரைகையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒருவனுக்கே சொல்லப்பட்டவை. துணிவு உபாயத்தைப் பற்றியது; விரைவு ப்ராப்யத்தைப் பற்றியது. விஷயம் வேறாகையால் விரோதம் இல்லை. உபாயத்திலே பதற்றம் இருந்தால் அது குறை. ப்ராப்யத்திலே பதற்றம் இல்லையாயின் அதுவே குறை. பசியுள்ள குழந்தை தாய் சோறிடுவாள் என்பதில் ஐயமின்றி இருந்துகொண்டே அழும். அந்த அழுகையைத் தாயின்மேல் அவநம்பிக்கை என்று எந்தத் தாயும் கொள்ளமாட்டாள்.

மறுபக்கம் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆற்றாமையை உபாயமாகக் கொள்வதும் தவறு. அழுதால் கிடைக்கும் என்று அழுவது வேறு, அழாதிருக்கமாட்டாமையால் அழுவது வேறு. மடலெடுக்கத் துணிந்தது, தூது விட்டது போன்ற ஆழ்வார்களின் செயல்களை நம் பெரியோர் ஸாதநமாகக் கொள்ளாமல் ப்ரேமத்தின் மிகுதியால் விளைந்தவையாகவே நிர்வஹித்தனர். பக்திபாரவச்யத்தாலே ப்ரபந்நர் என்று ஆழ்வார்களைத் தனியே ஒரு வகுப்பாக வைத்ததும் இதனாலே.

இங்கே ஆர்த்தன், த்ருப்தன் என்னும் பிரிவையும் நினைக்கலாம். இச்சரீரத்தோடு இருக்கும் இருப்பை ஒரு க்ஷணமும் பொறாமல் உடனே பேற்றை வேண்டுமவன் ஆர்த்தன். தேஹாவஸாநம் வரை இருக்க இசைந்தவன் த்ருப்தன். இதில் ஸம்ப்ரதாயபேதம் ஏதும் இல்லை. எளிமையுரைகளின் மொழியில் முன்னவன் பொறுமையற்றவன், பின்னவன் பொறுமையுள்ளவன் என்றாக வேண்டும். அப்போது பின்னவனே உயர்ந்தவனாகத் தோன்றுவான். பெரியோர் திருவுள்ளம் அப்படியன்று. ஆர்த்தியின் கனத்தைக் கண்டு அவர்கள் வியந்தார்களேயன்றி அதனை அடக்கச் சொல்லவில்லை. த்ருப்தனையும் இகழவில்லை, நம்மில் பெரும்பாலார் அவ்வகையினரே.

இச்சொல்லாராய்ச்சி ஏட்டோடு நிற்பதன்று. வீட்டில் இழப்பு நேர்ந்தவர், தீராத நோயில் கிடப்பவர், மக்களால் கைவிடப்பட்டவர் எனப் பலர் நம் காலக்ஷேபங்களுக்கு வந்து அமர்கின்றனர். அவர்களிடம் ‘பிராட்டியைப் போல் பொறுமையாயிரு’ என்று சொல்லப்படுகிறது. சொல்பவர் கருத்து நல்லது. சொல்லப்படும் வாக்யம் தவறு. கேட்பவர் தம் கண்ணீரையே அபசாரமாக எண்ணி வீடு திரும்புகிறார். அவர் துன்பத்துக்குக் காரணமானவர் ஒருவர் எதிரே நின்று க்ஷமை வேண்டினாலல்லவோ பொறைக்கு விஷயம் உண்டு? நோயைப் பொறுத்தருள யாராலும் ஆகாது. நோய்க்கு நோன்றல் உண்டு, மருந்து உண்டு, தரிப்பு உண்டு. தரிப்பாகில் “எத்தைக் கொண்டு?” என்ற கேள்வியும் உடன் வரும். அக்கேள்விக்கு விடையாக ஒரு திருநாமத்தையோ, அருகிருக்கும் ஒரு பாகவதரையோ, வாய்விட்டு அழ ஒரு பாசுரத்தையோ காட்டாமல் பொறுக்கச் சொல்வது, சோறிடாமல் பசியை அடக்கச் சொல்வதை ஒக்கும்.

‘தரித்தல், ஆற்றாமை முதலான சொற்கள் இக்கால வாசகர்க்கு விளங்கா, ஆகவே மாற்றினோம்’ என்பர் எளிமையுரைகாரர். ‘ஆற்றமாட்டாமல் அழுதாள்’ என்று எந்தக் கிராமத்துப் பாட்டியும் இன்றும் சொல்வாள். ‘மனசு ஆறவில்லை’ என்பது நகரத்திலும் வழங்குகிறது. விளங்காத சொற்களாகில் ஓரிடத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு, பின் சொல்லை அப்படியே விடலாம். பன்னீராயிரப்படியில் வாதிகேஸரி அழகியமணவாளச் சீயர் பதம் பதமாக அர்த்தம் காட்டியும் மூலத்தின் சொல்லைத் தள்ளிவிடவில்லையே.

பரதாழ்வானையும் சொல்ல வேண்டும். பாதுகைகளைத் தாரகமாகப் பெற்று நந்திக்ராமத்தில் 14 ஆண்டு இருந்தவன் அவன். நாம் அவனைப் பொறுமையின் சிகரம் என்கிறோம். பதினான்கு ஆண்டு நிறைந்த பின் அந்நாளில் தேவரீரைக் காணாவிடில் அக்நிப்ரவேசம் செய்வேன் என்று சித்ரகூடத்திலேயே விண்ணப்பித்துவிட்டே அவன் பாதுகைகளை வாங்கினான். பிராட்டியின் ஒரு மாதமும் இவனுடைய ஒரு நாளும் ஒரே ஜாதி.

அந்த ஒரு மாதத்தைக் கேட்ட பெருமாள், இன்னும் சற்றுப் பொறுத்திருக்கக் கூடாதோ என்று அருளிச்செய்யவில்லை. யுத்தகாண்டத்தின் தொடக்கத்தில், ஸூர்யன் உச்சிக்கு வந்த வேளை, உத்தரபல்குனி நக்ஷத்ரம், விஜய முஹூர்த்தம், இப்போதே புறப்படலாம் என்று ஸுக்ரீவனுக்கு நியமிக்கிறார். வாநரஸேனை தெற்கு நோக்கிப் புறப்படுகிறது.